நாய் பேணும் தொழிலும் யாமும்

இம்மலரில் எழுதும் பழைய மாணவருள் வைத்தியர் உளர், பொறியியலாளர் உளர், அதிபரும் உளர். யாமோ நாய்களை நீராட்டி, மயிர் வாரி, நகந் திருத்திக் காட்சிக்கு ஆயத்தஞ் செய்யுந் தொழிலினேம். மலர்க்குழுவினர் எம்மையும் எழுதப் பணித்தமையால், இத்தொழிலிற் புகுந்த வழியை ஈண்டுச் சுருங்கக் கூறுவாம்.

எமது ஊர் பாண்டிருப்பு. வடக்கே மருதமுனையின் தறியொலி. தெற்கே கல்முனையும் சாய்ந்தமருதும். அயலவருள் மிகப் பலர் முஸ்லிம்கள். அவர்கள் பின்பற்றும் ஷாபிஈ நெறியில், நாயின் உமிழ்நீர் பட்ட கலத்தை ஏழுமுறை கழுவுதல் வேண்டும். அவற்றுள் ஒருமுறை மண் கலந்த நீரால். வேட்டைக்கும் மந்தைக்கும் வயற்காவலுக்கும் நாய் வைத்தலை அந்நெறி விலக்கவில்லை. எம்மவரும் நாயை முற்றத்துக்கு அப்பாலே நிறுத்தியவர்தாம். ஆயினும் திரௌபதை அம்மன் கோயிலிற் பாரதங் கேட்டு வளர்ந்த எமக்கு, தன்னைத் தொடர்ந்த நாயைக் கைவிட்டுச் சுவர்க்கம் புக மறுத்த தருமனை மறத்தல் ஒண்ணாது.

கல்லூரியை நீங்கியபின், கொழும்பில் ஒரு விலங்கு மருத்துவ நிலையத்தில் உதவியாளராய் அமர்ந்தோம். அங்கிருந்தே நாய்க்காட்சிகளுக்குச் செல்லத் தொடங்கினோம். அதனை அழகுப் போட்டி என்பார் பலர், அஃதன்று. 1859இல் இங்கிலாந்தின் நியூகாசிலில் வேட்டை நாய்களுக்கு நடந்த காட்சியும், 1873இல் இலண்டனில் எழுந்த கென்னல் கிளப்பும் இம்முறைக்கு அடியிட்டன. ஒவ்வோர் இனத்துக்கும் எழுதிவைத்த இலக்கணம் ஒன்றுண்டு. நடுவர் பல்வரிசையைப் பார்ப்பார், தோளையும் முதுகையும் தடவுவார், நடக்கவிட்டு நோக்குவார். நாயை அதன் இலக்கணத்தோடு ஒப்பிடுவதே அவர் பணி. தமிழகத்து இராசபாளையம் நாய் 2005இல் இந்திய அஞ்சல் முத்திரையில் இடம்பெற்றது என்றறிந்த நாளில் எமக்குண்டான பெருமிதஞ் சொல்லில் அடங்காது.

எம் ஆசான் முதலிற் சீப்பைத் தரவில்லை. "முதலிற் கையால் தடவிப் படி" என்றார். காதின் உட்புறம், கக்கம், விரலிடை ஆகிய இடங்களிலேதான் உண்ணி ஒளிந்திருக்கும். நகத்தினுள் குருதிநாளம் ஓடுவதால், நுனியை மட்டுமே தறித்தல் வேண்டும். ஈரடுக்கு மயிருடைய இனங்களை வெயிலுக்கு அஞ்சி மழித்தல் தவறு. அம்மயிர் வெயிலையும் தடுக்கும். இவற்றைக் கற்க ஈராண்டு சென்றது.

அவ்வீராண்டும் எந்தையார் எமக்கு ஒரு கடிதமும் எழுதினாரல்லர். "கல்லூரியிற் படித்தது நாய் குளிப்பாட்டவோ?" என்பதே ஊரார் வினா, அவர் வினாவும் அதுவே.

ஊர் மீண்டு வளவின் பின்புறத்திற் கொட்டில் அமைத்தோம். ஒருநாள் சாய்ந்தமருதுப் போடியார் ஒருவர், வயல்வாடிக் காவல்நாயைத் தம் வேலையாள் கையிற் பிடிப்பித்து வந்தார். காதும் விரலிடையும் உண்ணி மொய்த்து, அது நிற்கவும் மாட்டாதிருந்தது. "தம்பி, நான் தொட ஏலா, இப்படியே விடவும் மனம் வரல்ல" என்றார். "இருங்க காக்கா, நாங்க பார்க்கிறம்" என்றோம். மூன்று மணிநேரம் ஒவ்வொன்றாய் எடுத்து, மருந்து நீரிற் கழுவி, தடுப்பூசிக்கும் காய்ச்சற் சோதனைக்குமாக அரசாங்க மிருக வைத்தியரிடம் அனுப்பினோம். அதற்குள் எந்தையார், நாய் அணுகாத் திண்ணையிற் கதிரையிட்டுப் போடியாரை அமர்த்தி, புதுக்கலத்தில் நீரும் வைத்திருந்தார். அன்று மாலை எம்மிடம், "நாளைக்கு எத்தனை நாய் வரும்?" என்று மட்டுங் கேட்டார்.

இன்று எங்கொட்டிலின் கழிநீர் தெருவுக்குச் செல்லாது. பள்ளிவாசற் பாதையில் நாயை நடத்துவதுமில்லை. விசர்நோய்த் தடுப்பூசி ஏற்றும்படி வருவோர் யாவரையும் வற்புறுத்துகின்றோம்; இந்நோயைத் தடுக்க இந்நாட்டில் 1893இலேயே சட்டம் எழுந்தது.

இளைய மாணவர்காள்! தொழிலை ஊர் இகழ்வது அதன் உள்ளீட்டை அறியாமையால். அயலவரின் ஒழுக்கத்தை மதித்து, கற்றதைக் கருத்தோடு செய்வீராயின், இகழ்ந்தவரே ஒருநாள் வாயிலுக்கு வருவர். எம் கல்லூரித்தாய் நீடு வாழ்க!