அக்காவின் தோள்

எங்கள் தெருச் சின்னப் பையன்கள் என் அக்காவை "இரும்புக்காரி" என்று கூப்பிடுகிறார்கள். அது இரும்பு இல்லை, டைட்டானியம். அதைச் சொல்லத்தான் இதை எழுதுகிறேன்.

நான் ஏழாம் வகுப்பு படிக்கும்போது ஆடி மாதம் அக்காவுக்கு வலது தோள்பட்டைக்குப் பின்னால் வலி வந்தது. குடம் தூக்கினதால் சுளுக்கு என்று நினைத்து, பக்கத்து ஊரில் எண்ணெய் போட்டு நீவிவிட்டோம். ராத்திரியில்தான் வலி ஜாஸ்தியாகும். என் பக்கத்தில் படுத்துக்கொண்டு சத்தம் வராமல் அழும். பிறகு வீக்கம் வந்தது. பெரிய ஆஸ்பத்திரியில் ஸ்கேன் பார்த்து, எலும்பில் ஊசி போட்டுத் துணுக்கு எடுத்து, யூவிங் சார்க்கோமா என்றார்கள். எலும்பில் வரும் புற்றுநோய். சின்ன வயசுக்காரர்களுக்குத்தான் அதிகம் வருமாம். கட்டியை நீவவே கூடாதாம். அம்மா தலையில் அடித்துக்கொண்டது. "எனக்கு எப்படிடி தெரியும்?" என்று என்னைக் கேட்டது. நான் என்ன சொல்ல?

முதலில் மருந்து ஏற்றினார்கள். அக்காவின் முடி எல்லாம் கொட்டிவிட்டது. இடுப்புவரை இருந்த முடி.

முன்காலத்தில் இந்தக் கட்டிக்குக் கையையே தோளோடு எடுத்துவிடுவார்களாம். அக்காவுக்குக் கைக்குப் போகும் நரம்பும் ரத்தக்குழாயும் கட்டியில் மாட்டவில்லை. அதனால் எலும்பை மட்டும் எடுத்தார்கள். நீங்கள் ஒரு கையை முதுகுப் பக்கம் கொண்டுபோய் மற்றக் கையைத் தூக்கிப் பாருங்கள். முக்கோணமாக ஒன்று நகரும். அதுதான் தோள்பட்டை எலும்பு. அதில் 17 தசைகள் ஒட்டியிருக்கின்றன. ஸ்கேன் பார்த்து அளவெடுத்து அதேபோல் டைட்டானியத்தில் செய்தார்கள். ஓரத்தில் சின்னச் சின்ன ஓட்டைகள் உண்டு. தசையை அதில் வைத்துத் தைப்பார்களாம், ஜாக்கெட்டுக்குக் கொக்கி தைக்கிற மாதிரி. மேல்கை எலும்பின் உருண்டையையும் மாற்றினார்கள். அப்புறம் மறுபடி பல மாதம் மருந்து.

இப்போதும் செக்கப் உண்டு. நெஞ்சையும் ஸ்கேன் எடுப்பார்கள், நுரையீரலுக்குப் பரவியிருக்கா என்று பார்க்க. அன்றைக்கு எங்கள் வீட்டில் யாரும் சரியாகச் சாப்பிடமாட்டோம். இதுவரை ஒன்றும் இல்லை.

அக்காவால் வலது கையைத் தோளுக்கு மேலே தூக்க முடியாது. பரணில் இருக்கும் டப்பாவை நான்தான் எடுக்கணும். ஆனால் முழங்கையும் விரலும் முன்னைப் போலவே இருக்கின்றன. எழுதும், பூக் கட்டும். காலையில் நான் கீழ்ப்படியில் உட்காருவேன், அக்கா மேல்படியில் உட்கார்ந்து எனக்கு ரெட்டைச் சடை போடும். இன்னும் இழுத்துத்தான் பின்னும். வலிக்கும்.

அக்காவுக்கு இப்போது முடி கழுத்துக்குக் கீழே வந்துவிட்டது. தன் தலைக்குக் கை எட்டாது. போன வாரம் நான் படி மாறி உட்கார்ந்து அக்காவுக்குக் குட்டியாக ஒரு சடை போட்டேன். கோணலாக வந்தது. கண்ணாடியில் பார்த்துவிட்டு, "அவிழ்த்துட்டு மறுபடி போடு" என்றது.

- ஒன்பதாம் வகுப்பு மாணவி