திருவிழாவுக்குப் பிறகு திருவண்ணாமலை

திருவண்ணாமலைக்குப் போவதென்றால் கார்த்திகைத் தீபத்துக்குத்தான் போக வேண்டும் என்பார்கள். நான் உங்களை அழைப்பதோ அதற்குப் பிறகு. கூட்டமெல்லாம் கலைந்துபோன மார்கழி மாதத்தில். "அப்போது அங்கே பார்ப்பதற்கு என்ன இருக்கிறது?" என்கிறீர்களா? திருவிழாவைப் பத்திரமாக எடுத்து வைக்கும் அழகு இருக்கிறது, அம்மணி!

பனி கொட்டும் தேசங்களில் ஏரி உறைவதற்கு முன்பே படகுக்காரர்கள் ஒரு காரியம் செய்வார்கள். படகின் பின்புறம் மாட்டிய மோட்டாரை நல்ல தண்ணீரில் அலசி, பழைய கியர் எண்ணெயை வடித்துவிட்டுப் புதியதை ஊற்றி, உறை போட்டு மூடி வைப்பார்கள். சோம்பல்பட்டு விட்டுவிட்டாலோ, உள்ளே தங்கிய நீர் உறைந்து விரிந்து உலோகத்தையே பிளந்துவிடும். நம் ஊரில் அந்தப் பயம் இல்லை. ஆனாலும் வருஷத்தில் சில நாட்களே உழைக்கும் பொருளை மற்ற நாட்களிலெல்லாம் காப்பாற்றுவது இங்கேயும் பெரிய காரியந்தான்.

தீபக் கொப்பரையையே எடுத்துக்கொள்ளுங்கள். 2,668 அடி உயர மலையின் உச்சியில் மகா தீபம் எரிவது இந்த ஆளுயரக் கொப்பரையில்தான். சுமார் 3,500 கிலோ நெய். திரிக்கு 1,000 மீட்டர் காடாத் துணி. 11 நாட்கள் அந்த ஜோதி எரிகிறது. கொப்பரையைச் சுமந்து ஏறுவதும், தீபம் ஏற்றுவதும் பர்வத ராஜ குலத்தாரின் பரம்பரை உரிமை. மலையிலே விளக்கேற்றும் இவர்கள் மீனவ குலத்தவர் என்பது எத்தனை பேருக்குத் தெரியும்?

தீபம் முடிந்ததும் கொப்பரை மலையிலிருந்து இறங்கிக் கோயிலுக்கு வந்து சேருகிறது. அதில் படிந்த கரியை வீணாக்குவதில்லை. அதுவே தீப மையாகி, ஆருத்ரா தரிசனத்தன்று முதலில் நடராஜருக்குத் திலகமாகிறது. பிறகு பக்தர்களுக்குப் பிரசாதம். கொப்பரையோ, அடுத்த கார்த்திகைக்கு முன் பழுது பார்க்கப்பட்டு, புது வர்ணமும் அர்த்தநாரீசுவரர் உருவமும் தரித்து, மறுபடி மலையேறத் தயாராகிறது.

அடுத்தது தேர். விழாவின் ஏழாம் நாள் ஐந்து தேர்கள் மாட வீதியைச் சுற்றுகின்றன. அவற்றில் பராசக்தி அம்மனின் தேரை இழுப்பவர்கள் பெண்களே! சண்டிகேசுவரர் தேருக்குச் சிறுவர் சிறுமியர். நிலைக்குத் திரும்பிய தேர் அப்புறம் வெயிலையும் மழையையும் பட்டுக்கொண்டு நின்றால் என்ன ஆகும்? மரம் வெடிக்கும், ஈரம் ஏறினால் உளுக்கும், கரையான் அரிக்கும். அது வெளியே தெரியாது. மறுவருஷம் ஆயிரக்கணக்கான பேர் வடம் பிடிக்கும்போதுதான் தெரியும்! அதனால்தான் தேரை மூடி வைக்கிறார்கள். விழாவுக்கு முன் அச்சு, சக்கரம் எல்லாவற்றையும் சோதிக்கிறார்கள்.

கொப்பரைக்கும் தேருக்கும் ஓய்வு உண்டு. மலைக்கு? 2024 டிசம்பர் 1-ஆம் தேதி, பெருமழையில் மலைச்சரிவு பெயர்ந்து அடிவாரத்து வீட்டின்மேல் விழுந்து ஏழு உயிர்கள் போயின. அவர்களில் ஐவர் குழந்தைகள். அந்த ஆண்டு டிசம்பர் 13-ஆம் தேதி தீபம் வழக்கம்போல் எரிந்தது. பக்தர்களை மட்டும் மலையேற விடவில்லை. சிலருக்கு மனத்தாங்கல்தான். ஆனால் அன்று கீழே நின்று கைகூப்பியவர்களுக்கும் அதே ஜோதிதான் தெரிந்தது. மலையையே சிவமாக வணங்கும் ஊரில், அதற்குச் சற்று ஓய்வு தருவதும் ஒரு வழிபாடு இல்லையா?

மார்கழியில் போனால் மாட வீதியை நிதானமாகச் சுற்றி வாருங்கள். மூடி நிற்கும் அம்மன் தேரின் அருகே ஒரு நிமிஷம் நில்லுங்கள். வீடு திரும்பியதும் பரணில் தூக்கிப் போட்ட அகல் விளக்குகள் ஞாபகத்துக்கு வந்தால், எண்ணெய்ப் பிசுக்குப் போகக் கழுவி, வெயிலில் காய வைத்து, துணியில் சுற்றி வையுங்கள். அடுத்த கார்த்திகையில் உங்கள் வாசல் பளிச்சென்று இருக்கும்!