வாசலில் ஒரு பெருக்கல் குறி

நியூ ஆர்லியன்ஸ் போனால் ஜாஸ் கேட்டதோடு திரும்பிவிடாதீர்கள். லோயர் நைந்த் வார்டுக்கும் ஒரு நடை போய் வாருங்கள். 2005 ஆகஸ்ட் 29, கத்ரினா சூறாவளியில் கால்வாய்த் தடுப்புச்சுவர் உடைந்து மூழ்கிய குடியிருப்பு இது. மீட்புக் குழுவினர் வீட்டு முகப்பில் பெருக்கல் குறி போட்டார்கள். அதன் கீழ்ப்பகுதியில், உள்ளே கண்ட உயிர்கள், உடல்களின் கணக்கு.

பிறகு பல மாநிலங்களிலிருந்து தேவாலய இளையர்கள் விடுமுறையில் வந்தார்கள். மண்டபங்களில் படுத்து எழுந்தார்கள். வீடு கட்டும் வேலை பிரிப்பதில்தான் தொடங்கியது. முகக்கவசம் போட்டுக்கொண்டு, பூஞ்சை பிடித்த சுவர்ப்பலகைகளைப் பெயர்த்து, மரச்சட்டம் மட்டும் மிஞ்சும்வரை அள்ளினார்கள். கூலிக்கு ஆள் வைக்க முடியாத குடும்பங்களுக்கு அது பேருதவி.

ஆனால் அந்தக் குவியலில் கல்யாணப் படமும் இருக்கலாம். எதை எறியலாம் என்று வீட்டுக்காரரிடம் கேட்டுவிட்டு மண்வெட்டியைத் தொடுவதுதான் அங்கே முதல் ஊழியம்.