கை வைக்காத சர்வர்

கணினிப் பாதையில் இரண்டு புள்ளி வைத்தால் 'ஒரு படி மேலே போ' என்று அர்த்தம். இணையதளத்துக்கு ஒதுக்கிய கோப்புறையைத் தாண்டி யாரும் இப்படி மேலே ஏறி, மற்ற கோப்புகளைப் படித்துவிடக் கூடாது. அதனால் வருகிற ஒவ்வொரு முகவரியையும் வெப் சர்வர் சோதித்துத்தான் உள்ளே விடும்.

2021 செப்டம்பரில் வெளியான அப்பாச்சி 2.4.49 பதிப்பில் அந்தச் சோதனையை மாற்றி எழுதினார்கள். அதில் ஒன்று விட்டுப்போயிற்று. இரண்டாவது புள்ளியை அப்படியே எழுதாமல், சதவீதக் குறி போட்டு அதன் குறியீட்டு எண்ணை எழுதினால் சோதனைக்கு அது புள்ளியாகவே தெரியவில்லை. சிஜிஐ ஓடுகிற சர்வர் என்றால் படிப்பதோடு நிற்காது; வெளியாள் கட்டளையே இயக்கலாம்.

அக்டோபர் 4 அன்று 2.4.50 வந்தது. அது அடைத்தது அந்த ஒரு வடிவத்தை மட்டும்தான். குறியீட்டையே இன்னொரு முறை குறியீடாக்கி அனுப்பினால் கதவு பழையபடி திறந்தது. 7ஆம் தேதி 2.4.51 வந்த பிறகுதான் முடிந்தது. மழைக்காலத்தில் கெடிலக் கரையில் உடைப்பு அடைப்பதைப் பார்த்த கடலூர்க்காரர்களுக்கு இது புரியும். மூட்டை அடுக்கிய இடம் நிற்கும், பக்கத்தில் அரிக்கும்.

அந்த வாரம் சிதம்பரத்தில் ஒரு சின்ன நிறுவனத்தின் சர்வரைப் பார்த்துக்கொள்கிற நண்பனுக்குப் போன் போட்டேன்.

"எங்களுக்கு ஒண்ணும் இல்லடா. மூணு வருஷமா அதுல கையே வைக்கல. 2.4.49 இருந்தாத்தானே பிரச்சினை?"

சரிதான். முந்தைய பதிப்புகளில் இந்த ஓட்டை கிடையாது. உடனுக்குடன் புதுப்பித்தவன் மாட்டினான், சும்மா இருந்தவன் தப்பித்தான். 'ஓடுற வண்டியில கை வைக்காதே' என்கிற நம்மூர் நம்பிக்கைக்கு இதைவிட நல்ல சாட்சி கிடைக்காது.

"பிராக்சி போட்டிருக்கியா?" என்று கேட்டேன்.

"ஆமா, பில்லிங்குக்கு."

அங்கேதான் சிக்கல். 2.4.48 வரை பிராக்சி பகுதியில் வேறொரு ஓட்டை இருந்தது. வெளியாள் அனுப்பும் கோரிக்கையை, அவன் சொல்லும் உள் இயந்திரத்துக்கே சர்வர் கொண்டுபோய்க் கொடுத்துவிடும். அதை அடைத்ததும் இதே 2.4.49தான். புதுப் பதிப்பு வெளிவந்த நாளிலிருந்து பழையதையும் புதியதையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் ஓட்டை எங்கே என்று யாருக்கும் தெரிந்துவிடும். கை வைக்காத சர்வர் அப்படியே இருப்பதில்லை; நாளுக்கு நாள் அதைப் பற்றித் தெரிந்தவர்கள் கூடிக்கொண்டே போகிறார்கள்.

2.4.49 போட்டவர்களிலும் எல்லோரும் மாட்டவில்லை. 'எதையும் அனுமதிக்காதே, சொன்னதை மட்டும் திற' என்று மொத்தக் கோப்பு அமைப்புக்கும் ஒரு வரி எழுதி வைத்திருந்தவர்களிடம் முகவரிச் சோதனை தோற்றும் கோப்பு வெளியே போகவில்லை. அப்பாச்சியோடு வரும் அமைப்புக் கோப்பிலேயே அந்த வரி உண்டு. வேலை ஆக வேண்டும் என்ற அவசரத்தில் நாம்தான் அதைத் தளர்த்துகிறோம்.

அன்று ராத்திரி நண்பன் முதலில் தேடியது அந்த வரியைத்தான். இருந்தது. ஆனாலும் பேக்கப் எடுத்துவிட்டு 2.4.51 ஏற்றினான்.