கத்திக்கு ஊர் எது?

பிரான்ஸின் மிகப் புகழ்பெற்ற மடக்குக் கத்திக்கு லையோல் என்று பெயர். தெற்கே ஓப்ராக் மேட்டுநிலத்தில் இருக்கும் ஒரு சிறு ஊரின் பெயர் அது. ஆனால் அந்தப் பெயரில் விற்கும் கத்திகளில் பெரும்பாலானவை அந்த ஊரில் செய்யப்படுவதில்லை. நல்ல லையோல் கத்திகளில் பல, அங்கிருந்து சாலை வழியே ஏறக்குறைய 200 கிலோமீட்டர் தள்ளி, தியேர் என்ற மலைச்சரிவு நகரத்தின் பட்டறைகளில் உருவாகின்றன. மலிவானவை சீனாவிலிருந்தும் பாகிஸ்தானிலிருந்தும் வந்து இறங்குகின்றன. எங்கே செய்தாலும் கத்தியின் முதுகில் அதே தேனீ உருவம் உட்கார்ந்திருக்கிறது.

அப்படியானால் புதிதாக ஒரு மடக்குக் கத்தியை வரைந்து வைத்திருப்பவர் அதை எங்கே செய்யக் கொடுப்பார்? கூலி குறைந்த நாட்டிலா, பெயர் பெற்ற ஊரிலா, இல்லை வேறு ஏதாவது கணக்கு உண்டா? இந்தக் கேள்வியோடுதான் முதலில் தியேருக்கும் பிறகு லையோலுக்கும் போனேன்.

கிளெர்மோன் ஃபெரானிலிருந்து கிழக்கே 40 கிலோமீட்டர் போனால் தியேர். வீடுகள் ஒன்றன் தோளில் ஒன்று ஏறி நிற்கின்றன. தெருக்கள் செங்குத்தாக இறங்குகின்றன. கீழே பள்ளத்தில் துரோல் ஆறு. ஆறு என்று சொன்னாலும் அகலத்தில் நம்மூர் ஓடைதான். ஆனால் பாயும் வேகம் அசாத்தியம். இங்கே இரும்புத் தாது கிடையாது. நல்ல சாணைக்கல்லும் கிடையாது. எஃகு பர்கண்டி பக்கமிருந்தும், கல் வேறு மாவட்டத்திலிருந்தும் வண்டியேறி வந்தன. கத்திக்கு வேண்டிய பொருள் எதுவும் மண்ணில் இல்லாத ஊர், 15ஆம் நூற்றாண்டிலிருந்து கத்தி செய்துவருகிறது. சிலுவைப் போருக்குப் போன வீரர்கள் கிழக்கிலிருந்து இந்தத் தொழில் ரகசியத்தைக் கொண்டுவந்தார்கள் என்று ஒரு கதை சொல்கிறார்கள். கதை அழகாக இருக்கிறது, ஆதாரம் இல்லை. காரணம் கண்ணெதிரே ஓடுகிறது: சக்கரத்தைச் சுற்ற வைக்கும் தண்ணீர்.

அந்தத் தண்ணீரில் வேலை செய்தவர்களின் வாழ்க்கையைப் பார்க்க நகருக்கு மேலே உள்ள பள்ளத்தாக்குக்குப் போக வேண்டும். ஆற்றங்கரையில் கல்லால் கட்டிய தாழ்வான சாணைப் பட்டறைகள். உள்ளே இருட்டு, ஈரம். சுழலும் கல்லுக்கு மேலே ஒரு பலகை சாய்வாகக் கிடக்கிறது. சாணைக்காரர் அதில் குப்புறப் படுத்துக்கொள்வார். முகம் கல்லுக்கு ஒரு சாண் தூரம்தான். இரண்டு கையாலும் அலகைக் கல்லில் அழுத்துவார். நின்று செய்வதைவிடப் படுத்துச் செய்தால் உடலின் பாரம் முழுவதும் கைக்கு வரும், தீட்டும் விளிம்பும் கண்ணுக்கு நேரே இருக்கும். கல்லிலிருந்து தெறிக்கும் மஞ்சள் சேறு உடம்பெல்லாம் அப்பிக்கொள்ளும். அதனால் இவர்களை ‘மஞ்சள் வயிறர்கள்’ என்றே ஊர் அழைத்தது. குளிர்காலத்தில் கீழே பனிநீர், மேலே அசையாமல் கிடக்கும் உடம்பு. கால் மரத்துப்போகாமலிருக்க நாயைக் காலின் மேல் படுக்க வைத்துக்கொண்டார்கள்! பழைய புகைப்படங்களில் வரிசையாக மனிதர்கள் படுத்திருக்க, ஒவ்வொருவர் காலிலும் ஒரு நாய் சுருண்டு கிடக்கிறது. பார்க்கச் சிரிப்பு வரும். கல் பிளந்தால் சாணைக்காரர் தப்புவது கடினம் என்பதும், வயதானவர்கள் மூட்டுவலியோடுதான் திரிந்தார்கள் என்பதும் தெரிந்த பிறகு அந்தச் சிரிப்பு நிலைக்காது. இந்த முறையில் கடைசியாக இயங்கிய லியோனே பட்டறை 1976இல்தான் ஓய்ந்தது.

இன்று தியேரில் யாரும் படுத்துக்கொண்டு சாணை பிடிப்பதில்லை. ஆனால் அந்தக் காலத்து வேலைப் பிரிவினை அப்படியே இருக்கிறது. ஒருவர் அலகை அடிப்பார், ஒருவர் அதைக் காய்ச்சிக் குளிரவைத்துத் துவைச்சல் போடுவார், ஒருவர் சாணை பிடிப்பார், ஒருவர் மெருகேற்றுவார், ஒருவர் பிடியை அறுப்பார், இன்னொருவர் எல்லாவற்றையும் பூட்டிக் கத்தியாக்குவார். ஒரு காலத்தில் சுற்றியுள்ள மலைக்கிராமங்களின் வீடுகளிலேயே இந்த வேலைகள் நடந்தன. இப்போது சிறு பட்டறைகளில் நடக்கின்றன. திருப்பூரில் நிட்டிங் ஒரு யூனிட், சாயம் ஒரு யூனிட், பிரிண்டிங் ஒரு யூனிட் என்று துணி ஜாப் ஒர்க்கில் சுற்றிவருகிறதே, அதே ஏற்பாடு. சொந்தமாக ஓர் இயந்திரம்கூட இல்லாதவர் ஒரு வரைபடத்தோடு இந்த ஊருக்கு வந்து கத்தி வியாபாரி ஆகிவிட முடியும்.

வெளியிலிருந்து பார்ப்பவர்களுக்கு மடக்குக் கத்தி எளிய பொருள். ஓர் அலகு, ஓர் எஃகு வில், இரண்டு தகடு, பிடிக்கு இரண்டு கொம்புத் துண்டு, சில ஆணி. அவ்வளவுதான். ஆனால் கதையே அந்த வில்லில்தான் இருக்கிறது. அலகின் அடிப்பாகத்தை வில் முதுகுப் பக்கமிருந்து அழுத்திக்கொண்டே இருக்க வேண்டும். திறந்தால் அலகு ஆடக் கூடாது, மடக்கினால் விரலைக் கடிக்கவும் கூடாது. கத்தி திறந்திருக்கும்போதும் மடங்கியிருக்கும்போதும் வில்லின் முதுகு பிடியோடு சமமாக உட்கார வேண்டும். மடக்கும்போது அலகின் கூர் வில்லில் போய் இடித்தால் அதே இடத்தில் மழுங்கும். இவை எல்லாம் ஒன்றுக்கொன்று முரண்டு பிடிக்கும் நிபந்தனைகள். ஒரு பக்கம் மயிரிழை அராவினால் மறுபக்கம் கோளாறாகும்.

பூட்டும் வேலை செய்யும் ஒரு பெண்மணியின் மேசையருகே வெகுநேரம் நின்றேன். அலகை வைத்துத் தற்காலிக ஆணி போடுகிறார். திறந்து பார்க்கிறார், காதருகே கொண்டுபோய் மடக்குகிறார். சத்தம் பிடிக்கவில்லை. ஆணியைத் தட்டி எடுத்து, அலகின் அடியை அரத்தால் இரண்டு இழுப்பு இழுத்து, மறுபடியும் பூட்டுகிறார். இப்படி மூன்று நான்கு தடவை நடந்த பிறகே ஆணியை நிரந்தரமாக அடிக்கிறார். அளவுகோல் பக்கத்தில்தான் கிடந்தது, அதை அவர் தொடவே இல்லை. கொம்பைத் தேய்க்கும்போது எழும் முடி கருகிய நாற்றம் அந்தக் கூடத்தில் எந்நேரமும் இருக்கிறது. அவருக்கு அது எப்போதோ பழகிப்போயிருக்க வேண்டும்.

இந்த ஊரின் உண்மையான லாபம் எதில் என்பது இன்னொரு பட்டறையில்தான் எனக்குப் பிடிபட்டது. மெல்லிய அலகை 1,000 டிகிரி செல்சியஸுக்கு மேல் காய்ச்சிச் சட்டென்று குளிரவைத்துத் துவைச்சல் போடும்போது அது கோணிக்கொள்ளும். அதை நிமிர்த்த வேண்டும். பிறகு சாணை. அங்கே சூடு மிஞ்சினால் விளிம்பில் நீலம் படரும், போட்ட துவைச்சல் அந்த இடத்தில் போய்விடும். சில வாரம் கழித்து வாங்கியவர் கத்தி மழுங்கிவிட்டது என்று திருப்பி அனுப்பினால் குற்றம் யாருடையது? எஃகா, உலையா, சாணையா? மூவரும் ஒரே பள்ளத்தாக்கில் இருந்தால் அன்று மாலையே அலகை நடுவில் வைத்துச் சண்டை போட்டுத் தீர்த்துக்கொள்ளலாம். கடல் தாண்டிக் கொள்கலனில் வந்து சேர்ந்த சரக்கில் கோளாறு தெரிந்தால், ஆயிரக்கணக்கில் அதே கோளாறோடு சரக்கு ஏற்கெனவே கிடங்கில் இருக்கும். கூலி வித்தியாசத்தைக் கணக்குப் போடுபவர்கள் இந்தச் செலவைப் பெரும்பாலும் எழுதுவதில்லை.

லையோலின் நிலைமை வேறு. அங்கே பெயர் இருந்தது, தொழில் போய்விட்டிருந்தது. 1829இல் பியேர் ழான் கால்மெல்ஸ் அந்த ஊரில் செய்த கத்தியிலிருந்து இந்த வடிவத்தின் கதை தொடங்குகிறது. மாட்டுக்காரர்களுக்காக ஓர் ஊசிக்குத்தி சேர்ந்தது. 1880 வாக்கில், பாரிஸ் விடுதிகளுக்கு வேலைக்குப் போன இப்பகுதியினருக்காகக் கார்க் திருகி சேர்ந்தது. விற்பனை பெருகப் பெருக, ஆர்டர் தியேருக்குப் போனது. முதல் உலகப் போருக்குப் பிறகு லையோலில் செய்வது ஏறக்குறைய நின்றே போனது. 1987இல்தான் ஊர்க்காரர்கள் சேர்ந்து உற்பத்தியைத் திரும்பக் கொண்டுவந்தார்கள். ஃபிலிப் ஸ்டார்க் வடிவமைத்த அலுமினியத் தொழிற்சாலை அதன் அடையாளம். கூரையைப் பிளந்துகொண்டு 18 மீட்டர் உயரக் கத்தி அலகு வானத்தில் நிற்கிறது. எனக்கு அது கொஞ்சம் ஆடம்பரமாகத்தான் பட்டது. ஆனால் மாடுகளும் புல்வெளியும் தவிர வேறொன்றும் கண்ணில் படாத மேட்டில், இங்கே கத்தி செய்கிறோம் என்று அறிவிக்க அந்த ஆடம்பரம் தேவைப்பட்டிருக்கலாம். உள்ளே ஒரே கைவினைஞர் ஒரு கத்தியைத் தொடக்கம் முதல் முடிவு வரை பூட்டுகிறார். தியேரின் சங்கிலிக்கு நேர் எதிரான வழி இது. விலையும் அதற்கேற்றபடி ஏறுகிறது.

பெயருக்கான சண்டை தனிக் கதை. ஊருக்குச் சம்பந்தமில்லாத ஒரு வியாபாரி 1993இல் ‘லையோல்’ என்பதை வணிக முத்திரையாகப் பதிந்துகொண்டு, கத்தி மட்டுமல்ல, பல பொருள்களுக்கும் உரிமம் விற்றார். ஊர் வழக்குப் போட்டது. 2012இல் தோற்றது. கோபத்தில் மேயர் ஊர்ப் பெயர்ப்பலகையையே கழற்றினார். பிறகு மேல்முறையீடுகளில் காற்று ஊர்ப்பக்கம் திரும்பியது. கைவினைப் பொருள்களுக்கும் புவிசார் குறியீடு தரலாம் என்று பிரான்ஸ் 2014இல் சட்டம் கொண்டுவந்ததற்கு இந்த வழக்கும் ஒரு தூண்டுதல். ஆனால் 2022இல் லையோல் கத்திக்குக் குறியீடு கிடைத்தபோது அது தியேரையும் உள்ளடக்கி வந்தது. லையோல் ஊர்க்காரர்கள் மறுபடியும் நீதிமன்றப் படியேறினார்கள்.

இதே தலைவலியைத் தியேர் வேறு விதமாகத் தீர்க்கப் பார்த்தது. அடுத்த ஊர்க் கத்தியையே எத்தனை காலம் செய்வது என்று யோசித்து, 1990களில் ‘தியேர்’ என்ற பெயரிலேயே புதுக் கத்தி ஒன்றை உருவாக்கினார்கள். வடிவத்தின் கோடு பொது. எஃகும் பிடியும் அவரவர் விருப்பம். நிபந்தனை ஒன்று: தியேர் வட்டாரத்துக்குள் செய்ய வேண்டும். கத்தி பிறப்பதற்கு முன்பே அதன் ஊர் முடிவாகிவிட்டது.

எல்லாக் கத்திக்கும் தியேர் பொருந்துமா என்றால், பொருந்தாது. ஓபினெல் கத்தியைப் பாருங்கள். 1890இல் சவோய் மலைப்பகுதியில் ஜோசஃப் ஓபினெல் வடிவமைத்தது. முதுகில் வில்லே கிடையாது. இன்றைய வடிவில் மரப்பிடியும், பூட்ட ஒரு வளையமும் மட்டும். காதால் கேட்டு அராவ வேண்டிய இடம் எதுவும் இல்லாததால் ஷாம்பெரியில் ஒரே ஆலையில் இயந்திரத்தால் செய்து மலிவாக விற்க முடிகிறது. அமெரிக்காவின் ஸ்பைடர்கோ இன்னொரு வழி காட்டுகிறது. அதன் முதல் கிளிப் கத்தியான ‘வொர்க்கர்’ 1981இல் ஜப்பானில் செய்யப்பட்டது. இன்று கொலராடோவில் சொந்த ஆலை இருந்தும், சில மாடல்களை ஜப்பானின் செகியில், சிலவற்றைத் தைவானின் தைச்சுங்கில், சிலவற்றை இத்தாலியின் மனியாகோவில் செய்கிறது. எந்த ஊரில் செய்ததோ அந்த ஊர்ப் பெயரை அலகிலேயே பொறிக்கிறது. ஒளித்து வைக்க ஒன்றுமில்லை என்பவர்களால்தான் இப்படிச் செய்ய முடியும்.

ஆகவே பால் பேரிங் வைத்து, கணினி இயந்திரத்தில் கடையும் நவீனக் கத்தியைச் செய்ய நினைப்பவர் தைச்சுங்கையோ சீனாவின் யாங்ஜியாங்கையோ தேடிப்போவதில் தவறில்லை. அந்த வேலையில் அவர்கள் கை தேர்ந்தது. கொம்புப் பிடியும் முதுகு வில்லும் கொண்ட கத்தி என்றால் உலையும் சாணையும் பூட்டும் மேசையும் நடந்துபோகும் தூரத்தில் இருக்கும் ஊருக்கே போக வேண்டும். என் வரைபடத்தை நான் தியேருக்குத்தான் கொடுப்பேன்.

வாங்குபவர்களுக்கும் ஒரு வார்த்தை. தேனீ யாருக்கும் சொந்தமில்லை, எந்த ஆலையும் எந்த நாட்டிலும் அதைப் பதிக்கலாம். லையோல் என்று எழுதிய கத்தியைக் கையில் எடுத்தால், அலகுக்குத் துவைச்சல் போட்டது எங்கே, பூட்டியது எந்தப் பட்டறை என்று கடைக்காரரிடம் கேளுங்கள். பதில் சொல்லத் தெரியாதவரிடம் கத்தியைத் திருப்பிக் கொடுத்துவிடுங்கள்.