பெற்றோர் செய்ய வேண்டிய ஆயத்தம்

டிசம்பர்த் திங்கள் வந்துவிட்டால் சிங்கப்பூரில் புத்தகக் கடைகளிலும் சீருடைக் கடைகளிலும் கூட்டம் நெரிகிறது. புதிய பை, புதிய காலணி, பெயரெழுதி ஒட்டிய ஏடுகள் என்று பிள்ளைக்கு வேண்டியவை யாவும் வீடு வந்து சேர்கின்றன. பிள்ளையின் ஆயத்தத்தில் குறையொன்றும் இல்லை. ஆனால், அந்த ஓராண்டுக் காலத்தைப் பிள்ளையோடு சேர்ந்து கடக்க வேண்டிய பெற்றோர், தமக்கென என்ன ஆயத்தம் செய்துகொள்கின்றனர்? இவ்வினாவைப் பலரும் எழுப்புவதில்லை.

பொருட்பாலில் வள்ளுவர் வலியறிதல், காலமறிதல், இடனறிதல் என மூன்று அதிகாரங்களை 48, 49, 50 என்னும் எண்களில் அடுத்தடுத்து வைத்துள்ளார். அவை வினைமேற்செல்லும் அரசனுக்கு உரியவை. எனினும், பள்ளியாண்டு என்னும் நெடிய வினையைத் தொடங்கும் தாய் தந்தையர்க்கும் இம்மூன்றும் பொருந்தும் என்பது என் எண்ணம்.

முதலில் காலத்தை அறிதல் வேண்டும். நம் பள்ளியாண்டு பத்துப் பத்து வாரங்களாக நான்கு தவணைகள் கொண்டது. மார்ச்சிலும் செப்டம்பரிலும் ஒவ்வொரு வாரமும், ஜூனில் நான்கு வாரமும் இடையில் ஓய்வு வருகிறது. பள்ளி திறந்த சில நாள்களில் பொங்கல் வந்துவிடும்; தீபாவளியோ ஆண்டிறுதித் தேர்வுகளை ஒட்டியே வரும். தொடக்கநிலை ஆறில் பயிலும் பிள்ளைக்கு வாய்மொழித் தேர்வு ஆகஸ்டிலும், எழுத்துத் தேர்வு செப்டம்பர் இறுதியில் தொடங்கி அக்டோபரிலும் நடைபெறும். இவையெல்லாம் திடீரென்று வருவன அல்ல. ஜனவரியிலேயே நாட்காட்டியில் குறித்து, அதற்கேற்ப வேலை விடுப்பையும் ஊர்ப் பயணத்தையும் வகுத்துக்கொள்ளும் குடும்பத்தில் பாதிப் பதற்றம் அன்றே தணிந்துவிடுகிறது.

அடுத்தது, தாம் நிற்கும் இடத்தை அறிதல். இன்றைய பெற்றோர் பலர் தாம் படித்த பள்ளியையே மனத்தில் வைத்துக்கொண்டு பிள்ளையின் பள்ளியை அளக்கின்றனர். அப்பள்ளி இன்று இல்லை. தொடக்கநிலை ஒன்று, இரண்டு வகுப்புகளுக்குத் தேர்வுகள் 2019ஆம் ஆண்டிலிருந்து இல்லை. தொடக்கப்பள்ளி இறுதித் தேர்வில், பிற மாணவரோடு ஒப்பிட்டு மதிப்பெண் கணக்கிடும் பழைய முறை மறைந்து, 2021 முதல் ஒவ்வொரு பாடத்திற்கும் எட்டு அடைவுநிலைகள் வந்துள்ளன. அரையாண்டுத் தேர்வு 2023ஆம் ஆண்டுக்குள் எல்லா வகுப்புகளிலும் நீக்கப்பட்டது. 2024இல் உயர்நிலை ஒன்றில் சேர்ந்தவர்களிலிருந்து விரைவு, வழக்கநிலை என்னும் பிரிவுகளும் நீங்கின.

பிள்ளைகளுக்கு மூச்சுவிட இடம் தரும் பொருட்டே இம்மாற்றங்கள் வந்தன. நடப்பது என்ன? பள்ளி நீக்கிய அரையாண்டுத் தேர்வை வீடு நடத்துகிறது. ஜூன் விடுமுறையில் பயிற்சி நூல்கள் அடுக்கடுக்காக மேசையேறுகின்றன. துணைப்பாட வகுப்பு ஒன்று இரண்டாகிறது, இரண்டு மூன்றாகிறது. பிள்ளை தளர்கிறது, அதனை அழைத்துச் செல்லும் பெற்றோரும் தளர்கின்றனர்.

ஆகவேதான் மூன்றாவதாகிய வலியறிதல் இன்றியமையாததாகிறது. இங்கு வலிமை என்பது செல்வமன்று, நேரமே. தாயும் தந்தையும் பணிக்குச் செல்லும் ஓர் இல்லத்தை எண்ணிப் பாருங்கள். அவர்கள் வீடு திரும்ப மாலை ஏழு மணியாகிறது. மறுநாள் விடியுமுன் எழ வேண்டிய பிள்ளை ஒன்பது மணிக்குப் படுக்க வேண்டும். இடையிலுள்ள இரண்டு மணி நேரத்தில் சமையல், உணவு, குளியல், துணி, வீட்டுப்பாடம் ஆகியன போக எஞ்சுவது அரைமணி நேரம். ஓராண்டுக்கும் பெற்றோர் கையிலுள்ள மெய்யான முதல் அந்த அரைமணிதான். அதனை எதற்குச் செலவிடுவது என்று முன்கூட்டியே முடிவு செய்வதைத்தான் நான் ஆயத்தம் என்கிறேன்.

தமிழாசிரியன் என்ற முறையில் இதில் எனக்கொரு தனிக் கவலையும் உண்டு. வாய்மொழிப் பயிற்சியின்போது மாணவி ஒருத்தியிடம், முந்தைய நாள் வீட்டில் என்னென்ன பேசினார்கள் என்று கேட்டேன். வீட்டுப்பாடம் முடிந்ததா என்று அம்மா கேட்டதாகச் சொன்னாள். வேறென்ன என்றேன். பையை எடுத்து வைத்தாயா என்று அப்பா கேட்டதாகச் சொன்னாள். பிறகு சற்று நேரம் எண்ணிப் பார்த்துவிட்டு, "அவ்வளவுதான் சார்" என்றாள். அவளிடம் சொற்கள் இல்லாமலில்லை. அச்சொற்களுக்கு வீட்டில் வேலை இருக்கவில்லை.

வீட்டில் பெரும்பாலும் தமிழே பேசுவோர் 2010ஆம் ஆண்டின் மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் நூற்றுக்கு 3.3 பேராக இருந்தனர், 2020இல் 2.5 பேராகக் குறைந்தனர். இக்குறைவுக்குக் காரணங்கள் பல இருக்கலாம். ஆயினும், பேச நேரமில்லாத வீட்டில் எம்மொழியும் தழைக்காது என்பதை யாவரும் ஒப்புவர். வகுப்பறையில் நாங்கள் இலக்கணம் கற்பிக்கலாம், கட்டுரை எழுதப் பழக்கலாம். அன்றாடம் நடந்ததை ஆவலோடு எடுத்துரைக்கும் பழக்கத்தை வீடே தர இயலும்.

எனவே, வரும் ஆண்டின் பட்டியலை எழுதும்போது, எதைச் சேர்ப்பது என்பதோடு எதை விடுவது என்பதையும் பெற்றோர் எழுதிக்கொள்ளட்டும். ஒரு துணைப்பாட வகுப்பை விட்டால் வாரத்தில் ஒரு மாலைப்பொழுது மீளும். உணவு மேசையில் கைப்பேசியை ஒதுக்கி வைத்தால் அரைமணி முக்கால் மணியாகும். அந்நேரத்தில் மதிப்பெண்ணைப் பற்றிக் கேளாமல், இன்று யாரோடு விளையாடினாய், எதைக் கண்டு சிரித்தாய் என்று தமிழில் கேட்கட்டும். தம் பணியிடத்தில் அன்று நடந்த ஒன்றைத் தாமும் சொல்லட்டும். தொடக்கத்தில் பிள்ளை ஓரிரு சொற்களில் விடையளிக்கும். பொறுத்திருந்து கேட்டால், முதல் தவணை முடிவதற்குள் அது தானாகவே பேசத் தொடங்கும்.