அம்மா சொல்லாமல் விட்டது

கடந்த தைப்பூசத்தில் தண்ணீர்மலைப் படிகளில் அம்மா பாதியிலேயே உட்கார்ந்துவிட்டார். "மூச்சு வாங்குது, நீ மேலே போயிட்டு வா" என்றார். ஒவ்வொரு வருடமும் எனக்கு முன்னால் ஏறுகிறவர்.

வயிறு பெருத்திருந்ததை நானும் கவனித்திருந்தேன். வாயு என்று ஓமத்தண்ணீர் குடித்துக்கொண்டிருந்தார். பாவாடை நாடாவை மாதாமாதம் தளர்த்திக் கட்டியதை மட்டும் யாரிடமும் சொல்லவில்லை. மாதவிலக்கு நின்று 9 வருடமாகிறது. இந்த வயதில் வயிறு பெருத்தால் எப்படி வெளியே சொல்வது என்ற வெட்கம். லெபோ பாசாரில் பூக்கடைக்காரம்மா விளையாட்டாக, "என்னக்கா, விசேஷமா?" என்று கேட்டதில் இன்னும் ஒடுங்கிப்போயிருந்தார்.

கிளினிக் டாக்டர் முதுகில் தட்டிப் பார்த்துவிட்டு, பெரிய ஆஸ்பத்திரிக்குக் கடிதம் கொடுத்தார். வலது நுரையீரலைச் சுற்றி நீர், வயிற்றிலும் நீர், வலது சினைப்பையில் இளநீர் அளவுக்குக் கெட்டியான கட்டி. சிஏ-125 என்ற ரத்தப் பரிசோதனையும் அதிகம் காட்டியது. அன்றிரவு கைப்பேசியில் தேடிப் பார்த்து, புற்றுநோய் என்று நானே முடிவு கட்டிவிட்டேன். சிங்கப்பூரிலிருந்து தம்பி லீவு போட்டு வந்துவிட்டான்.

மகப்பேறு நிபுணர் அவசரப்படவில்லை. "வயிற்றில் நீர் கோத்தாலே சிஏ-125 ஏறலாம்மா. எடுத்த நீரில் புற்றணு இல்லை. ஆனாலும் கட்டியைப் பார்க்காமல் நான் எதுவும் சொல்லமாட்டேன்" என்றார்.

அறுவை நடக்கும்போதே கட்டியின் துண்டை உறையவைத்து நுண்ணோக்கியில் பார்த்தார்கள். ஃபைப்ரோமா. வெறும் நார்த்திசுக் கட்டி, புற்றுநோய் இல்லை. அதோடு வயிற்றிலும் நெஞ்சிலும் நீர் சேர்ந்தால் 'மெக்ஸ் சிண்ட்ரோம்' என்பார்களாம். 1937இல் ஜோ மெக்ஸ் என்ற அமெரிக்க மருத்துவர், சக மருத்துவர் ஒருவருடன் சேர்ந்து, இப்படிப்பட்ட 7 பெண்களைப் பற்றி எழுதியதால் வந்த பெயர். மிக அரிது. பார்க்க முற்றிய புற்றுநோய் போலவே இருக்கும். கட்டியை எடுத்துவிட்டால் நீர் தானாக வற்றிவிடும்.

வற்றியது. மூன்று தலையணை வைத்துச் சாய்ந்தபடி தூங்கியவர், இப்போது ஒன்றோடு படுக்கிறார். எக்ஸ்ரேயிலும் நெஞ்சு தெளிவாக இருக்கிறது. மூச்சுத் திணறலை வயதின் மேல் போட்டது அம்மா மட்டுமல்ல, நானும்தான். அது இன்னும் உறுத்துகிறது.

போன வாரம் அதே பூக்கடையில், கேட்காமலேயே அம்மா முழுக் கதையையும் சொல்லிக்கொண்டிருந்தார். இளநீர் மட்டும் பலாப்பழமாகியிருந்தது.